ஹேங்கரில் தொங்கிய வரி

மார்ச் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியண்ணன் எழுதுவது. நான், உன் அண்ணி, பிள்ளைகள், சலவைக் கடையில் இருக்கும் மூன்று மெஷின்கள் எல்லோரும் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டுப் போன் எப்போதும் உன் அண்ணி கையில்தான் இருக்கிறது. அவள் காதில் விழுந்தால் அடுத்த நிமிடம் சின்னவன் வீட்டுச் சமையலறைக்குப் போய்விடும். அதனால்தான் கடிதம்.

வரி அலுவலகத்தில் இருந்து கடைக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. போன வருட வரியை டிசம்பர் கடைசிக்குள் கட்டவில்லையாம். வரியை நேற்றே கட்டிவிட்டேன். தாமதத்துக்குப் போட்டிருக்கும் அபராதம்தான் கழுத்தைப் பிடிக்கிறது. பெரிய மெஷினை விற்றால்தான் அதைக் கட்ட முடியும். அது போனால் ஹோட்டல்காரர்களின் படுக்கை விரிப்புகளை எதில் துவைப்பது? அந்த வேலை இல்லாமல் கடை இரண்டு மாதம் தாங்காது.

கடை திறந்து இருபது வருடத்தில் ஒரு நாள் பிந்தியதில்லை. முதல் தடவை தவறினால் மன்னிக்கச் சொல்லி மனு போடலாம் என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொன்னார். நீ வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். எடுப்பாக ஒரு மனு எழுதி அனுப்பு. காரணம் என்ற இடத்தில் எனக்கு டைபாய்டு என்று போட்டுவிடு.

சின்னவனுக்கு இருமல் நின்றதா என்று எழுதிக் கேள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
பெரியண்ணன்


மார்ச் 15

அன்புள்ள பெரியண்ணா,

நாங்கள் நலம். என் முதுகுக்காக வக்கீல் ஐயா நாற்காலியை மாற்றித் தருவதாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு தலையணை தந்திருக்கிறார். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் எனக்குப் புரியவில்லை. சின்னண்ணன் உங்கள் கடையில், உங்கள் மெஷினுக்குப் பத்தடி தள்ளி நின்று இஸ்திரி போடுகிறான். அவன் இருமுவது உங்களுக்குக் கேட்காமல், இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கும் எனக்கா கேட்கும்?

இரண்டாவது, படிவத்தை ஒரு மாதம் முன்பே நிரப்பி வைத்துவிட்டு எல்லோரையும் அரிக்கிற ஆள் நீங்கள். எப்படித் தவறியது?

டைபாய்டு என்று எழுதினால் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்பார்கள். எங்கள் வக்கீல் ஐயாவுக்கு விவாகரத்து வழக்குதான் தெரியும், வரி தெரியாது. ஆனாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "காரணம் உண்மையா இருக்கட்டும்மா. பொய்ய எழுதிட்டு அப்புறம் அதைக் காப்பாத்த நம்மால ஆகாது."

உண்மையை எழுதுங்கள். மனுவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பாப்பா


ஏப்ரல் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். பதில் பிந்தியதற்கு வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன். நீ நம்ப மாட்டாய்.

நவம்பரில் இருந்து நானும் சின்னவனும் பேசுவதில்லை. காலையில் நான் துவைக்கிறேன். மதியம் முன்வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவேன். அதற்குப் பிறகு இஸ்திரியும் கல்லாவும் அவன் பொறுப்பு. சொல்ல வேண்டியதைத் துணியில் குத்துகிற சீட்டில் எழுதிக்கொள்கிறோம். 'காலர் கறை போகவில்லை.' 'பட்டன் ஒன்று குறைகிறது.' தொழில் ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது.

வருடா வருடம் வரிப் படிவத்தை நிரப்பி, செக் எழுதி வைப்பது நான். கொண்டுபோய்க் கட்டுவது அவன். கவுன்டர் முன்னால் நின்றால் எனக்கு வாயே வராது, உனக்குத் தெரியும். அவன் அந்தக் கவுன்டரில் இருக்கிறவரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரை கேட்டுக்கொண்டு வருவான்.

இந்தத் தடவையும் டிசம்பர் முதல் வாரமே எல்லாம் தயார். ஆனால் கையில் எப்படிக் கொடுப்பது? கோட் போடும் கறுப்புக் கவருக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, ஹேங்கரில் மாட்டி அவன் பக்கத்துக் கம்பியில் தொங்கவிட்டேன். 'அவசரம்' என்று ஒரு சீட்டும் குத்தினேன். நோட்டீஸ் வந்த அன்று போய்ப் பார்க்கிறேன், யாரும் வாங்க வராத கோட்டுகளுக்கு நடுவில் அது அப்படியே தொங்குகிறது.

சண்டை எதனால் என்று கேட்பாய். ஒரு கோட்டைத் தீய்த்துவிட்டான். வேறொன்றும் இல்லை.

இதையெல்லாம் ஒரு அதிகாரிக்கு எழுத முடியுமா? டைபாய்டு வேண்டாம் என்றால் மஞ்சள் காமாலை?

அன்புடன்,
பெரியண்ணன்


ஏப்ரல் 12

வாலு,

எப்படி இருக்கிறாய், பாப்பா? வீட்டில் அத்தனை பேரும் நலம்தானே? எனக்கு இருமல் எப்போதோ நின்றுவிட்டது. அண்ணனிடம் சொல்லாதே, அவர் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்.

ஊர்த் துணியெல்லாம் துவைக்கிற மனிதருக்கு வீட்டில் அண்ணிதான் துவைத்துப் போடுகிறாள். சட்டைப் பையில் நோட்டீஸ் இருந்திருக்கிறது. அண்ணி என் வீட்டுக்காரியிடம் சொல்ல, அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் இருவரும் தினமும் ஒரு மணி நேரம் பேசிக்கொள்கிறார்கள். எங்களுக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்.

வரி அந்தக் கறுப்புக் கவருக்குள் இருந்ததை அண்ணியிடம் அவரே ஒப்புக்கொண்டாராம். அந்தக் கவரை நான் பார்க்காமல் இல்லை. தினமும் பார்த்தேன். சனிக்கிழமை தோறும் தூசி தட்டி, கசங்காமல் திருப்பித் தொங்கவிட்டேன். வாடிக்கையாளர் பெயர் இல்லை. அண்ணன் கையெழுத்தில் 'அவசரம்' மட்டும் இருந்தது. என்னிடம் பேசாததால் இந்தத் தடவை வரியை அவரே போய்க் கட்டியிருப்பார் என்று நினைத்தேன். முன்பானால் "இது யாருதுண்ணா?" என்று ஒரு குரல் கொடுத்திருப்பேன். நானாக வாய் திறப்பதில்லை என்று ஒரு வீம்பு. அவசரம் உள்ளவன் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஜிப்பை ஒரு ஜாண் இறக்கியிருந்தால் போதும்.

தப்பு என்னுடையது. என் பெயரில் ஒரு மனு அடித்து அனுப்பு. பழியை என் தலையில் போடு, அவர் தலையில் போடாதே. பெரிய மெஷினைப் பார்க்க இரண்டு பேர் வந்து போனார்களாம். அவர்களுக்கு அவரே டீ வாங்கிக் கொடுத்தாராம்.

பிரியமுடன்,
சின்னண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள சின்னண்ணா,

இங்கே நலம். அங்கே நலம் என்று நீ எழுதினாலும் நான் நம்பவில்லை.

உங்கள் இருவரில் யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாள் பேப்பரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரிக்குத் தூசி தட்டிய ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். உன் பெயரில் மனு வேண்டும் என்றால் அடித்துத் தருகிறேன். ஆனால் அதற்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

ஒரு கோட் தீய்ந்ததற்காக நீ அண்ணனிடம் பேசாமல் இருக்கிறவன் இல்லை. சின்ன வயதில் அவர் சைக்கிளையே தொலைத்துவிட்டு, அன்று சாயங்காலமே அவர் தட்டில் இருந்து எடுத்துத் தின்றவன் நீ. நவம்பரில் என்ன நடந்தது?

உன்,
வாலு


மே 14

வாலு,

நலம். மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம் ஆனது என்று அண்ணி மூலம், என் வீட்டுக்காரி மூலம் தெரிந்துகொண்டேன். சந்தோஷம். உன் கேள்விக்கு மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால்தான் இத்தனை நாள்.

கோட்டைத் தீய்த்தது நிஜம். கோட்டுக்காரர் வாட்டசாட்டமான ஆள். மறுநாள் மகனுடைய பட்டமளிப்புக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய கோட். கடையில் ஐந்தாறு பேர் நிற்கும்போது என் சட்டையைப் பிடித்துவிட்டார். கையை ஓங்கினார். அண்ணன் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்து நடுவில் நின்றார்.

"மன்னிச்சுக்கங்க சார். இவன் கூலிக்கு வெச்ச ஆளு. இன்னையோட நிறுத்திடறேன்" என்றார்.

அந்த ஆள் கையை இறக்கினார். நஷ்ட ஈட்டை வாங்கிக்கொண்டு போனார். நின்றவர்களும் போனார்கள். இருபது வருடம் நானும் அவரும் சேர்ந்து மூட்டை சுமந்த கடை அது. அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது. கடை மூடுகிற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சாவியை எடுத்துக்கொண்டு, "இஸ்திரிப் பெட்டிய அணைச்சியா?" என்றார். அதுதான் கடைசி.

நான் வேறொன்றும் கேட்கவில்லை. மனுவை அனுப்பு.

பிரியமுடன்,
சின்னண்ணன்


மே 22

அன்புள்ள பெரியண்ணா,

எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

மனுப் படிவம் இத்துடன் இருக்கிறது. கடையின் பெயர், வரி எண், இருபது வருடக் கணக்கு எல்லாம் அடித்துவிட்டேன். காரணம் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை உங்கள் கையால் நிரப்புங்கள். மஞ்சள் காமாலை கூடாது.

கோட் தீய்ந்த கதை முழுதும் எனக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்க வேண்டாம். அவனை ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றும் நான் கேட்கப் போவதில்லை. சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு ஏன் ஒன்றுமே சொல்லவில்லை?

பதில் எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள்,
பாப்பா


ஜூன் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகம். மனுவை நிரப்பித் தபாலில் சேர்த்துவிட்டேன். காரணம் இப்படி எழுதினேன்: 'படிவத்தைத் தயார் செய்தும் என் தம்பியிடம் வாய் திறந்து சொல்லாமல் தொங்கவிட்டது என் தவறு. அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.' அவன் என்று எழுதிவிட்டு, மரியாதையாக இருக்கட்டும் என்று அவர் என்று திருத்தினேன்.

நீ கேட்டதற்குப் பதில். அந்த ஆள் கை ஓங்கியபோது சின்னவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். குழந்தையில் அப்பா பிரம்பை எடுத்தால் அப்படித்தான் மூடுவான். அதைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன். அவனுக்கு அது தெரியாதா? இருபது வருடம் பக்கத்தில் நிற்கிறவனுக்கு விளக்கவுரையா எழுதுவார்கள்?

அப்புறம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் தள்ளிப் போனது. மறுநாள் இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் முன்வாசலில் வந்தால் எனக்குப் பின்வாசல்தான் தெரிந்தது.

மெஷினைக் கேட்டு வந்தவர்களிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பெரியண்ணன்


ஜூலை 3

வாலு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், வேலையைக் காட்டிவிட்டாயே.

எனக்கும் மனு அடித்துத் தந்தாய், அவருக்கும் அடித்துத் தந்தாய். இரண்டும் வரி அலுவலகத்தில் ஒரே மேஜைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஒரே கடைக்கு இரண்டு மனு, இரண்டு காரணம். அவர் 'நான் சொல்லாதது தவறு' என்கிறாராம். நான் 'பார்த்தும் திறக்காதது என் தவறு' என்று எழுதினேன். எது பொய் என்று விளக்க, பங்குதாரர்கள் இருவரும் இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி நேரில் ஒன்றாக வர வேண்டும் என்று கடிதம். வராவிட்டால் இரண்டையும் தள்ளிவிடுவார்களாம்.

அந்தக் கடிதத்தை அண்ணன் ஒரு ஹேங்கரில் மாட்டி என் பக்கம் தொங்கவிட்டிருந்தார். இந்தத் தடவை கவர் போடவில்லை. நான் படித்துவிட்டு, சீட்டில் 'பார்த்தேன்' என்று எழுதிக் குத்தி அவர் பக்கம் நகர்த்திவிட்டேன்.

நான் பஸ்ஸில் போகிறேன். அவர் எதில் வேண்டுமானாலும் வரட்டும்.

சின்னண்ணன்


ஜூலை 10

அன்புள்ள பெரியண்ணா, சின்னண்ணா,

இருவருக்கும் ஒரே கடிதம். கார்பன் வைத்து அடித்திருக்கிறேன். மேல் பிரதி யாருக்கு வந்தது என்று அதற்கும் சண்டை போட வேண்டாம்.

ஆமாம், இருவருக்கும் நான்தான் மனு அடித்தேன். அவரவர் காரணத்தை அவரவரே எழுதட்டும் என்று விட்டேன். ஆளுக்கொரு பொய் எழுதுவீர்கள் என்று பயந்தேன். ஆளுக்கொரு உண்மையை எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வக்கீல் ஐயாவிடம் கேட்டேன். "என்கிட்ட வர்ற ஜோடிகள்ல ஒருத்தராவது இப்படி எழுதியிருந்தா எனக்குப் பிழைப்பே இல்லம்மா" என்றார்.

இருபத்திரண்டாம் தேதி சேர்ந்து போங்கள். அங்கே கேட்பதற்கு வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். கடை போனால் மெஷின் போகும், ஹோட்டல் வேலை போகும், அது எனக்கும் தெரியும். என் பயம் அதைப் பற்றி இல்லை. கடையும் இல்லாவிட்டால் நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேறு ஒரு காரணமும் இருக்காது. நான் இங்கே இருந்து என்ன செய்வேன்?

அண்ணிகள் இருவருக்கும் அன்பு. அவர்கள் நலமாக இருப்பார்கள், புத்தியோடு இருக்கிறார்கள்.

பாப்பா என்கிற வாலு


ஜூலை 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். அபராதம் தள்ளுபடி ஆகிவிட்டது. முதலில் அதைப் படித்துவிட்டு உட்கார்ந்துகொள். முதுகை வைத்துக்கொண்டு நின்றபடி படிக்காதே.

அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "இதுல எதுங்க உண்மை?" என்றார். சின்னவன் "ரெண்டும்தான் மேடம்" என்றான். "பக்கத்துல பக்கத்துல வேலை பாக்கறீங்க. வரி இங்க இருக்குன்னு வாயால சொல்ல என்ன?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். சின்னவன்தான், "நாங்க பேசறதில்ல மேடம்" என்றான்.

அவர் இரண்டு மனுவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "பழிய அடுத்தவர் மேல போட்டு எழுதின பார்ட்னருங்கள தினமும் பாக்கறேன். இப்படி ஒரு ஃபைல் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு, மனுப் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'முதல் முறை தவறியவர்' என்று அங்கே ஒரு கட்டம் இருக்கிறது. பழைய கணக்கு சுத்தமாக இருந்தால் அதில் ஒரு கோடு போட்டால் போதுமாம். காரணமே வேண்டாமாம்! நீ முன்பக்கம் மட்டும் பார்த்து அடித்தாய், நாங்களும் திருப்பிப் பார்க்கவில்லை. இருவரையும் அதில் கையெழுத்துப் போடச் சொன்னார். "முதல் தடவைங்கறதால விடறோம். அடுத்த தடவை கிடையாது" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

வெளியே வந்தால் நல்ல மழை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். விட்டதும் பஸ் பிடித்து வீடு வந்தோம். மெஷினை விற்பதில்லை என்று அந்த ஆட்களுக்குச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
பெரியண்ணன்


ஜூலை 25

வாலு,

எங்கள் வீட்டில் நலம், அண்ணன் வீட்டிலும் நலம். நேற்று நேரில் பார்த்தேன். உன் முதுகுக்கு அந்தத் தலையணையை இனிமேலும் நம்பாதே, நாற்காலியைக் கேட்டு வாங்கு.

அண்ணன் உனக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். எல்லாவற்றையும் எழுதியிருப்பார். 'மழை, வாசலில் நின்றோம்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார். அந்த வரியை நான் எழுதுகிறேன்.

வரி அலுவலக வாசலில் தகரக் கூரை. ஒதுங்கியவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அண்ணன் தள்ளுபடி உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மழையையே பார்த்தபடி நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமல், "அவங்களே விட்டுட்டாங்க. நீ எப்படா விடப்போற?" என்றார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஆனாலும் விடவில்லை. "மனுவே போடாம எப்படிண்ணா தள்ளுபடி பண்றது?" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் கோணிக்கொண்டது. கவுன்டர் முன்னால் போனால் வாய் வராத மனிதர், வாலு. அத்தனை பேர் நடுவில், தகரத்தில் விழுகிற மழைக்கு மேலே குரலை எடுத்தார். "தப்புதான்டா! நாலு பேரு முன்னாடி உன்னைக் கூலியாளுன்னு சொன்னது தப்புதான்! நீ என் தம்பிடா! மன்னிச்சுடுடா!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான், "சரி, விட்டாச்சுண்ணா" என்றேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்னடா?" என்று காதைக் கொண்டுவந்தார். அதனால் நானும் கத்த வேண்டியதாகிவிட்டது.

பிரியமுடன்,
சின்னண்ணன்